அந்த ரைஸ் குக்கர் என் அண்ணன் வீட்டில் இருக்கிறது

27 செப்டம்பர் 2022

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செப்டம்பர் 25 ஞாயிற்றுக்கிழமை உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரை பற்றி எழுதுகிறேன். பிரித்தானிய மகாராணியார் இரண்டாம் எலிசபெத் காலமான பிறகு இணையத்தில் ஓடிய மீம்களைப் பற்றியது அது. எங்கள் பிள்ளைகளின் மனதில் ஈரமில்லை, சாவு என்றால் என்னவென்று தெரியாமலே வளர்ந்துவிட்டார்கள் என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். அதற்குச் சாட்சியாக, லண்டன் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிய ஒரு படத்தையும் போட்டிருந்தீர்கள். பழைய வெள்ளை ரைஸ் குக்கர் ஒன்று. அதன் மூடியில் ஒட்டிய காகிதத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் கையால் எழுதியிருந்தது: “தேசிய துக்கத்தை முன்னிட்டு இந்தக் குக்கர் 19 ஆம் திகதி வரை ‘டிக்’ சத்தம் போடாது.” படத்தின் கீழே “இதயமற்ற நகைச்சுவை” என்று உங்கள் குறிப்பு.

அந்த ரைஸ் குக்கரை எனக்கு நன்றாகத் தெரியும். அண்ணன் குடும்பம் இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது நான் வாங்கிக் கொடுத்தது. ஒரு பக்கக் கைபிடி அடுப்புச் சூட்டில் உருகியிருக்கும். உற்றுப் பார்த்தால் உங்கள் படத்திலும் தெரியும். காகிதத்தில் எழுதியவன் என் அண்ணனின் கடைசி மகன், என் பெறாமகன். வயது 17. அவன் அதை எழுதிய இரவு, அவனுடைய அப்பா இறந்து எட்டு நாள் ஆகியிருந்தது.

அவனிடம் கேட்டு, அவன் சரி என்று சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன்.

அண்ணன் செப்டம்பர் 6 செவ்வாய்க்கிழமை காலையில் ஆஸ்பத்திரியில் காலமானார். 63 வயது, இருதயம். அதே நாளில்தான் மகாராணியார் ஸ்கொட்லாந்தில் பால்மோரல் மாளிகையில் புதிய பிரதமர் லிஸ் ட்ரஸ்ஸைச் சந்தித்தார். பத்திரங்களுக்காக நாங்கள் காத்திருந்த இடத்தில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. கையில் தடியோடு, சிரித்தபடி, கணப்படுப்புக்கு முன்னால் நின்ற அந்தப் படத்தை அண்ணி பார்த்தார். “நல்லா மெலிஞ்சு போனா” என்றார். தன் புருஷன் உள்ளே கிடக்கும்போது வேறொரு பெண்ணின் உடம்பைப் பற்றி அப்படிச் சொன்னவர் அவர். இரண்டு நாளில் மகாராணியாரும் இல்லை.

நான் பஸ் சாரதி. உடல் எங்கள் கைக்கு வர நாளாகும் என்பதால் லீவை மிச்சம் பிடித்து, 8 ஆம் திகதி மாலை வேலைக்குப் போயிருந்தேன். ஆறரை மணிக்குச் செய்தி வந்தது. மழை. முன் இருக்கையில் இருந்த வயதான வெள்ளைக்காரப் பெண் போனைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்து, அவர் போய்விட்டார் என்றார். யார் என்று நான் கேட்கவில்லை. அவர் வழக்கமாக இறங்கும் தரிப்பிடம் எனக்குத் தெரியும். அது வந்தது, அவர் எழும்பவில்லை. நான் கொஞ்ச நேரம் கதவைத் திறந்து வைத்திருந்தேன். பிறகு அடுத்த தரிப்பிடத்தில் இறங்கி, திரும்பி நடந்து போனார். யாரும் அவருக்குத் துக்கத்தை அறிவிக்கவில்லை. அறிவிக்க வேண்டியும் இருக்கவில்லை.

அந்த அம்மாவைப் பார்த்து யாரும் மீம் போடவில்லை. கட்டுரையாளர் பிழை விட்டது அந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

அண்ணனின் இறுதிக்கிரியைக்கு 9 ஆம் திகதி வெள்ளிக்கிழமை நாள் குறித்தோம். கிடைத்த முதல் நாள் செப்டம்பர் 19 திங்கட்கிழமை. ஊரில் என்றால் அன்றைக்கோ மறுநாளோ எரித்துவிடுவோம். இங்கே இரண்டு கிழமை என்பது பழகிப்போன ஒன்று. மண்டபம் பதிவு செய்து, ஐயரிடம் சொல்லி, கனடாவுக்கும் ஊருக்கும் அறிவித்து முடித்தோம். மறுநாள் சனிக்கிழமை, மகாராணியாரின் இறுதிச் சடங்கும் அதே 19 ஆம் திகதி என்றும் அன்று நாடு முழுவதும் விடுமுறை என்றும் அறிவித்தார்கள்.

திங்கட்கிழமை காலையில் இறுதிச் சடங்கு ஏற்பாடு செய்தவர்கள் போன் எடுத்தார்கள். வீட்டில் ஆங்கிலம் சரளமாக வருவது பெறாமகனுக்குத்தான், ஆகவே அவன்தான் கதைத்தான். மறுபக்கத்தில் கதைத்தவர் மிகவும் பணிவாகவே கதைத்தாராம். 19 ஆம் திகதி எல்லாம் மூடப்படுகிறது, மரியாதையின் அடையாளமாக, வேறொரு நாள் பார்க்கலாம் என்றாராம். அவன் போனை வைத்துவிட்டுத் தாயிடம் வந்து, “நாள் மாறுதாம் அம்மா. மரியாதைக்காகவாம்” என்றான்.

“ஆருக்கு?” என்று அண்ணி கேட்டார்.

அவனிடம் பதில் இருக்கவில்லை. என்னிடமும் இல்லை. 23 ஆம் திகதிக்கு மாற்றினோம். அண்ணனோடு ஒன்றாகப் படித்த சிநேகிதர் ஒருவர் ரொறன்ரோவிலிருந்து வந்திருந்தார். 20 ஆம் திகதி இரவு அவருக்குத் திரும்பும் விமானம். வேலை, பொறுப்பு, மாற்ற முடியவில்லை. உடல் வைத்திருந்த இடத்துக்குப் போய்ப் பத்து நிமிடம் அண்ணனின் கால்மாட்டில் நின்றுவிட்டு வந்தார். பெட்டிக்குத் தோள் கொடுக்கத்தான் அவ்வளவு தூரம் வந்தவர். இப்படி நாள் மாறிய குடும்பங்கள் எங்களைப் போல் இன்னும் இருந்தன. ஆஸ்பத்திரியில் பார்க்கக் குறித்த நாள் தள்ளிப்போனவர்களும் இருந்தார்கள், பத்திரிகைகளிலேயே வந்தது. போன் எடுத்தவரில் எனக்குக் கோபமில்லை. அவருக்கும் மேலிடம் சொன்னதுதான்.

சரி, அந்த இரவுக்கு வருகிறேன். 14 ஆம் திகதி புதன்கிழமை. செத்த வீடு என்றால் உங்களுக்குத் தெரியும், உறவுகள் நிறைந்திருக்கும். பெரியவர்கள் முன்னறையில், பிள்ளைகள் மாடிப்படியில். என் மகள், தங்கையின் பிள்ளைகள், பெறாமக்கள் என்று படிக்கு ஒருவராக இருந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று ஒரு சிரிப்பு. உறவுக்காரப் பெரியம்மா ஒருவர் கோபத்தோடு எழும்பினார். அவரைக் கையால் மறித்துவிட்டு அண்ணியே எழுந்து போனார். “என்ன, எனக்கும் காட்டுங்கோ.”

நோரிச் நகரின் படம் அது. ஒரு சைக்கிள் நிறுத்துமிடம். அரச துக்க காலத்தில் அது மூடப்பட்டிருக்கும் என்று ஓர் அறிவித்தல். அந்தப் படத்துக்குக் கீழே ஆயிரக்கணக்கானோர் எழுதிக் குவித்திருந்தார்கள். அண்ணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். சிரிக்கவில்லை. “அப்ப அந்தச் சனம் சைக்கிளை எங்க கொண்டுபோய் விடுறது?” என்று கேட்டார்.

பிள்ளைகள் பேசாமல் இருந்தார்கள். நான் இந்த இரண்டு கிழமையாக நினைத்துப் பார்க்கிறேன். அந்த மீம்களுக்கு உள்ளே இருந்த கேள்வியும் அதுதான். சைக்கிளில் வேலைக்குப் போகிறவன் எங்கே விடுவான்? நாளைக் குறித்து வைத்திருந்தவன் என்ன செய்வான்? அவர்கள் அதைச் சிரித்துக் கேட்டார்கள், அண்ணி சிரிக்காமல் கேட்டார்.

அதன் பிறகு பிள்ளைகள் ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினார்கள். சென்டர் பார்க்ஸ் என்ற விடுமுறைக் கிராம நிறுவனம், 19 ஆம் திகதி எல்லாக் கிராமங்களையும் மூடுவதால் குடும்பத்தோடு தங்கியிருப்பவர்கள் ஒரு நாளைக்கு வெளியேறி, மறுநாள் திரும்பி வர வேண்டும் என்று அறிவித்திருந்தது. கண்டனம் எழுந்ததும் இருப்பவர்கள் இருக்கலாம் என்று மாற்றிக்கொண்டது. மொரிசன்ஸ் சுப்பர்மார்க்கெட்டில் பொருளைக் காட்டும்போது வரும் ‘பீப்’ சத்தத்தைக் குறைத்திருந்தார்கள். இயந்திரம் பழுதாகிவிட்டதோ என்று சனம் குழம்பியது. வானிலை அவதான நிலையம் அன்றாட முன்னறிவிப்பையும் எச்சரிக்கைகளையும் தவிர வேறெதுவும் பதிவிட மாட்டோம் என்றது. சைக்கிள் ஓட்டத்துக்கான அமைப்பு, இறுதிச் சடங்கு நடக்கும் நேரத்தில் சைக்கிள் ஓட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, பிறகு மன்னிப்புக் கேட்டது.

பெறாமகன் அதுவரை ஒன்றும் பேசவில்லை. எழும்பிக் குசினிக்குப் போனான். குக்கரில் சோறு வெந்துகொண்டிருந்தது. சோறு முடிந்ததும் அந்தக் குக்கர் பெரிய சத்தமாக ‘டிக்’ என்று அடிக்கும், முன்னறை வரை கேட்கும். இரவு வேலை முடித்து வந்து சமைப்பவர் அண்ணன்தான். ‘டிக்’ சத்தம் கேட்டதும் “சரி, வாங்கோ” என்று கூப்பிடுவது அவருடைய வழக்கம். பிள்ளைகள் எங்கே நின்றாலும் ஓடி வருவார்கள். அன்று ‘டிக்’ அடித்தது, கூப்பிட ஆளில்லை. கொஞ்ச நேரத்தில் அவன் மின்சாரக் கட்டணம் வந்த கடித உறையைக் கிழித்து, பின்பக்கத்தில் எழுதி, மூடியில் ஒட்டிப் படமெடுத்தான்.

அந்தப் படத்தைக் குடும்பக் குழுவில் மட்டும்தான் போட்டான். யாரோ வெளியே அனுப்ப, எங்கெங்கோ சுற்றி, உங்கள் பக்கத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கட்டுரையாளருக்கு இந்தக் கதை தெரிந்திருக்க வழியில்லை; அதில் அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இதயம் இல்லை என்று எழுத முன்னர், செய்தவன் யார், எந்த வீட்டிலிருந்து வந்தது என்று ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம்.

இனிப் பொதுவாக ஒரு விஷயம். இந்த மூடல்களை எல்லாம் அரசாங்கமோ அரண்மனையோ கட்டாயப்படுத்தியதாகப் பலர் நினைக்கிறார்கள். கட்டுரையிலும் “நாடு விதித்த துக்க அனுஷ்டானம்” என்று இருந்தது. அப்படி யாரும் விதிக்கவில்லை. தேசிய துக்க காலத்துக்காக அரசாங்கம் வெளியிட்ட வழிகாட்டலை என் மகள் எனக்கு வாசித்துக் காட்டினாள். நிகழ்ச்சிகளையோ விளையாட்டுப் போட்டிகளையோ நிறுத்த வேண்டிய கடமை எவருக்கும் இல்லை, மூடுவதா இல்லையா என்பதை அவரவரே தீர்மானிக்கலாம் என்றுதான் அதில் இருந்தது. அப்படியிருக்க சைக்கிள் நிறுத்துமிடம் வரை ஏன் மூடினார்கள்? பயம். பக்கத்துக் கடை மூடிவிட்டது, நாங்கள் திறந்திருந்தால் நாளைக்கு யார் என்ன சொல்வார்களோ என்ற பயம். ஒருவரைப் பார்த்து ஒருவர் மூடினார்கள். அந்தப் பயத்துக்கு மரியாதை என்று பெயர் வைத்தார்கள். சனத்துக்கு அது விளங்கியது. நான் பார்த்த மீம்களில் பெரும்பாலானவை அந்தப் பயத்தைத்தான் பகிடி பண்ணின. கூடுதலாகத் திரும்பத் திரும்ப வந்த சொல்லும் “மரியாதையின் அடையாளமாக” என்பதுதான். பெறாமகன் போனில் கேட்ட அதே சொல்.

உண்மையான மரியாதை எப்படி இருக்கும் என்றும் அந்த நாட்களிலேயே பார்த்தோம். 10, 11 ஆம் திகதிகளில் உதைபந்தாட்டத்தை முற்றாக நிறுத்தினார்கள், சிறுவர் போட்டிகள் உட்பட. தங்கையின் மகனுக்குப் பத்து வயது. அந்த ஞாயிறு அவனுக்கு இந்தப் பருவத்தின் முதல் ஆட்டம். சப்பாத்தும் காலுறையும் போட்டுக்கொண்டு கதவடியில் இருந்தவனிடம், ராணி இறந்ததால் விளையாட்டு இல்லை என்று தங்கை சொன்னாள். நான் அவருக்கு என்ன செய்தேன் என்று கேட்டானாம். அதே சனிக்கிழமை ஓவல் மைதானத்தில் தென்னாபிரிக்காவுக்கு எதிரான டெஸ்ட் ஆட்டம் நடந்தது. வெள்ளிக்கிழமை ஆட்டத்தைத் தள்ளிவைத்தவர்கள் சனிக்கிழமை தொடர்ந்தார்கள். நிறைந்த மைதானம் எழுந்து நின்றது. ஒரு சத்தமில்லை. பிறகு தேசிய கீதம், அரசருக்கென்று மாறிய வரியோடு. தொலைக்காட்சியில் பார்த்த எனக்கே உடம்பு சிலிர்த்தது. அந்தச் சிறுவர்களையும் கறுப்புப் பட்டி கட்டி ஒரு நிமிடம் புல்லில் நிற்க விட்டிருந்தால், சாகும்வரை மறந்திருக்க மாட்டார்கள். வீட்டில் இருத்தி வைத்து அவர்களுக்கு என்ன கற்றுக்கொடுத்தோம்?

என் மனைவி, மகாராணியாரின் பெட்டிக்கு அஞ்சலி செலுத்தச் சனம் நின்ற அந்த நீண்ட வரிசையில் நின்றவர். இதை நான் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் மகாராணியாருக்கு எதிராக எழுதுவதாக யாரும் நினைக்கக் கூடாது. மனைவி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார். தொண்ணூறு தாண்டியவர்களைக் குளிப்பாட்டி உடுப்பு மாற்றும் வேலை. 96 வயதில், சாவதற்கு இரண்டு நாள் முன்னர் வரை எழுந்து நின்று தன் வேலையைச் செய்த ஒரு பெண்ணை ஒரு முறை பார்க்க வேண்டும் என்றார். துடக்கு வீட்டுக்காரி போகலாமா என்று உறவில் சிலர் கேட்டார்கள். அண்ணிதான், “போட்டு வா” என்று அனுப்பினார்.

15 ஆம் திகதி வியாழக்கிழமை பின்னேரம் அவர் போய்ச் சேர்ந்தபோது வரிசையின் வால் டவர் பாலத்துக்கும் அப்பால் இருந்தது. இலக்கமிட்ட காகிதப் பட்டி ஒன்றைக் கையில் கட்டிவிட்டார்கள். தேம்ஸ் ஆற்றங்கரை வழியே ஒன்பது மணித்தியாலம். வரிசை எங்கே முடிகிறது என்பதை அரசாங்கம் யூடியூபில் நேரடியாகக் காட்டிக்கொண்டிருந்தது. அந்த வரிசையைப் பற்றி வந்த மீம்களுக்குக் கணக்கில்லை: ஆங்கிலேயர் பிறந்ததே இப்படியொரு வரிசையில் நிற்கத்தான், வரிசையில் சேருவதற்கு ஒரு வரிசை, இப்படி. அவற்றை அதிகம் பகிர்ந்தவர்கள் அந்த வரிசையில் நின்றவர்களே என்று மனைவி சொன்னார். முன்னால் நின்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஒவ்வொரு மீமையும் திருப்பிக் காட்டிச் சிரிப்பாராம், பிஸ்கட் நீட்டுவாராம். அதே மனிதர் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்துக்குள் பெட்டிக்கு முன்னால் வந்ததும் தலையைக் குனிந்தார், நிமிர்த்த முடியாமல் நின்றார், காவலர் மெதுவாகக் கையைக் காட்டி நகர்த்த வேண்டியிருந்தது என்றார். வெளியே வந்து இருவரும் பெயரைக்கூடக் கேட்காமல் பிரிந்தார்களாம். கிட்டத்தட்ட 250,000 பேர் அந்த மண்டபத்தின் ஊடாகப் போனதாகச் சொல்கிறார்கள். அவர்களில் எத்தனை பேரின் பையில் அந்த மீம்களைக் கொண்ட போன் இருந்திருக்கும்! சிரித்த வாயும் குனிந்த தலையும் ஒரே ஆளுடையதாக இருக்கலாம் என்பதைக் கட்டுரையாளர் யோசிக்கவேயில்லை.

எல்லா மீம்களுக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. பால்மோரலில் எடுத்த அந்தக் கடைசிப் படத்தில் மகாராணியாரின் கையில் கன்றிய நீலத்தை வைத்துப் பகிடி விட்டவர்கள் இருந்தார்கள். ஆஸ்பத்திரியில் ஊசி ஏற்றி ஏற்றி அண்ணனின் கையும் அப்படித்தான் இருந்தது. அவற்றைப் போட்டவர்களைப் பற்றிக் கட்டுரையாளர் எழுதியிருந்தால் முதல் ஆளாக நானே கையெழுத்து வைத்திருப்பேன். இறந்தவரின் உடம்பைச் சிரிப்பது வேறு. மூடிய சைக்கிள் நிறுத்துமிடத்தைச் சிரிப்பது வேறு. இரண்டையும் ஒரே பந்தியில் போட்டது அநியாயம்.

“செத்த வீட்டில் சிரிப்பது எங்கள் பண்பாடு இல்லை” என்ற வரியை வாசித்து உண்மையில் ஆச்சரியப்பட்டேன். கட்டுரையாளர் யாழ்ப்பாணத்தில் ஒரு செத்த வீட்டில் இரவு விழித்திருந்ததில்லையா? பந்தலுக்குள் பாய் விரித்துச் சீட்டு விளையாடுவார்கள். இறந்தவர் செய்த குழப்படிகளை ஒவ்வொருவராக எடுத்துவிட்டு விடியும்வரை சிரிப்பார்கள். என் அப்புவின் செத்த வீட்டில், அவர் அயல் வீட்டு மாட்டைத் தன் மாடென்று நினைத்து இரண்டு நாள் கட்டி வைத்திருந்த கதையைச் சொல்லிச் சொல்லி, அந்த அயல் வீட்டுக்காரரே கண்ணீர் வரச் சிரித்தது எனக்கு இன்னும் ஞாபகம். பெண்கள் உள்ளே ஒப்பாரி வைப்பார்கள். அதில்கூட நேரத்துக்கு வராத மருமகளுக்கும் கணக்குத் தீர்க்காத மச்சானுக்கும் நல்ல குத்து விழும். ஆனால் யாரும் பறைகாரரைப் பார்த்து, மரியாதைக்காகச் சத்தத்தைக் குறை என்று சொன்னதில்லை.

உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்றும் கட்டுரையாளர் எழுதியிருந்தார். நான் 1964 இல் பிறந்தேன். அப்போது இலங்கைக்கும் இந்த மகாராணியார்தான் ராணி; 1972 இல் குடியரசாகும் வரை அப்படித்தான். எட்டு வயது வரை நான் அவருடைய குடி. ஆகவே நான் வந்தேறிய பிறகு கிடைத்த ராணி அல்ல அவர். அது கிடக்கட்டும். இந்த நாட்டுச் சனம் தங்கள் அரசர்களைப் பகிடி பண்ணியே வந்திருக்கிறது. ஜேம்ஸ் கில்ரே போன்றவர்கள் மூன்றாம் ஜோர்ஜ் மன்னரைப் பொல்லாத கேலிச்சித்திரங்களாக வரைந்து தள்ளினார்கள். 1830 இல் நான்காம் ஜோர்ஜ் இறந்தபோது, இவரைப்போல யாரும் வருந்தாத மனிதர் இருந்ததில்லை என்ற கருத்தில் டைம்ஸ் பத்திரிகையே எழுதியது. அந்த மன்னருக்கு எழுதியதை இந்த மகாராணியாருக்கு யாரும் எழுதவில்லை என்பதையும் கவனியுங்கள். மீம் போட்டவர்களில் பெரும்பாலானோருக்கு அவரில் ஒரு பிரியம் இருந்தது. ஜூன் மாதம் பிளாட்டினம் விழாவில் அவர் பாடிங்டன் என்ற சிறுவர் கதைக் கரடியோடு தேநீர் குடித்த காட்சியை மறக்காமல், பூங்காக்களில் பூவோடு அந்தக் கரடிக்குப் பிடித்த மாமலேட் சாண்ட்விச்சையும் கொண்டுவந்து வைத்தார்கள். விலங்குகளுக்கு ஆகாது, சாப்பாட்டுப் பொருள் வைக்க வேண்டாம் என்று பூங்கா நிர்வாகம் கேட்டுக்கொண்டது. அதையும் மீமாக்கினார்கள். அதில் பகையை நான் காணவில்லை.

அப்புறம், எங்களுக்கென்று ஒன்று இருக்கிறது. இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். துக்கத்தை ஆணையிடுவதையும் பார்த்தவர்கள் நாங்கள், துக்கத்தைத் தடைசெய்வதையும் பார்த்தவர்கள் நாங்கள். மகாராணியாருக்காக இலங்கை அரசாங்கமும் 19 ஆம் திகதியைத் துக்க தினமாக்கி விடுமுறை விட்டது. அதே நாட்டில் முள்ளிவாய்க்காலில் இறந்த பிள்ளைக்கு விளக்கேற்றப் போகும் தாய், பொலிஸைத் தாண்டித்தான் போகிறாள். யாழ் பல்கலைக்கழகத்தில் இருந்த நினைவுத்தூபியை 2021 ஜனவரியில் இரவோடு இரவாக இடித்தார்கள். யாருக்காக அழலாம், எப்போது அழலாம் என்பதை மேலிருந்து ஒருவர் சொல்லத் தொடங்கினால் அது எங்கே போய் நிற்கும் என்று எங்களுக்குத் தெரியும். பிரித்தானியாவை இலங்கையோடு ஒப்பிட நான் வரவில்லை. இங்கே யாரும் என் அண்ணி அழுவதைத் தடுக்கவில்லை. ஆனாலும் அந்த நாட்களில் எடின்பரோவில் முடியாட்சிக்கு எதிராகப் பதாகை பிடித்த பெண்ணையும், ஒக்ஸ்ஃபோர்டில் புதிய அரசரை யார் தெரிவுசெய்தது என்று கேட்ட மனிதரையும் பொலிஸார் கைதுசெய்தார்கள். அந்தச் செய்தியும் சைக்கிள் நிறுத்துமிடமும் ஒரே கிழமையில் வந்தவை. பிள்ளைகள் இரண்டையும் சேர்த்துத்தான் பார்த்தார்கள். அவர்கள் சிரித்தது எனக்கு நிம்மதியாக இருந்தது. சிரிக்கப் பயந்திருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

19 ஆம் திகதி காலை அண்ணன் வீட்டில் எல்லோரும் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தோம். அன்று நடக்க இருந்த எங்கள் கிரியை இல்லை. வேறென்ன செய்வது என்றும் தெரியவில்லை. ரொறன்ரோ சிநேகிதரும் இருந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் கடைசியில் இரண்டு நிமிட மௌனம் வந்தது. அண்ணி எழுந்து நின்றார். நாங்களும் நின்றோம். பெறாமகன் தாயின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நீங்கள் இதயமில்லை என்று எழுதிய பிள்ளை அவன்தான்.

23 ஆம் திகதி அண்ணனின் காரியம் முடிந்தது. கொள்ளி வைப்பதற்குப் பதிலாக இங்கே ஒரு பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். அவன்தான் அழுத்தினான். இரண்டு நாள் கழித்து உங்கள் பத்திரிகை வந்தது. கடையில் யாரோ காட்ட, வாங்கிக்கொண்டு வந்து, படத்தைப் பார்த்தான், கீழே இருந்ததை வாசித்தான், மடித்து மேசையில் வைத்துவிட்டு மேலே போய்விட்டான். அவனுக்கு ஓரளவுதான் தமிழ் வாசிக்க வரும். அந்த இரண்டு சொல்லையும் எழுத்துக்கூட்டி வாசித்தான் என்று அண்ணி சொன்னார்.

மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை, ஆசிரியர் அவர்களே. படத்தை எடுக்கச் சொல்லவுமில்லை. இருக்கட்டும் என்று அவனே சொல்கிறான். உங்கள் இணையப் பதிப்பில் அந்தக் கட்டுரை இன்னும் இருக்கிறது. படத்தின் கீழே இருக்கும் வரியை மட்டும் எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் ஏதாவது போட வேண்டுமென்றால், எடுத்த திகதியைப் போடுங்கள்: 14 செப்டம்பர் 2022, இரவு.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்,
லண்டன்